முறுக்கி ஓட்டுற கன்ட்ரோலர்: நெக்கான் ரொம்ப நாள் யூஸ் பண்ண அனுபவம்

பிளேஸ்டேஷன் 1க்கு நாம்கோங்கற ஜப்பான் கேம் கம்பெனி போட்ட கன்ட்ரோலர் இந்த நெக்கான். தூரத்துலேர்ந்து பாத்தா சாதா பேட் மாதிரிதான் தெரியும், ஆனா நடுவுல ஒரு மூட்டு இருக்கு, ரெண்டு பக்கத்தையும் புடிச்சு ஈரத்துணிய பிழியற மாதிரி முறுக்கணும், அதுதான் ஸ்டியரிங். ஜப்பான்லேர்ந்து செகண்ட் ஹேண்ட்ல வாங்கி சில வருஷமா ஓட்டிட்டிருக்கேன் (ஷிப்பிங் செலவு பொருள் விலைய தாண்டிடுச்சு, அத விடுங்க). வீடியோ போடறவங்க பெட்டிய பிரிச்சு ரெண்டு ரேஸ் ஓட்டி "என்ன ஒரு விசித்திரம்"னு சிரிச்சிட்டு போயிடறாங்க, தினமும் கையில இருந்தா எப்படி இருக்கும்னுதான் நான் சொல்ல வரேன்.

1994 டிசம்பர் 3ம் தேதி ஜப்பான்ல கன்சோல் வந்தப்பவே நாம்கோவோட கார் ரேஸ் கேம் ரிட்ஜ் ரேசரும் கூட வந்துச்சு, ஆனா சோனி குடுத்த பேட்ல கட்டைவிரலால சாய்க்கற ஸ்டிக்கே கிடையாது, வெறும் டி-பேட், அதாவது நாலு திசைக்கும் அமுக்கற பட்டன். நெக்கான் 1995 ஜனவரில வந்துடுச்சு, ரெண்டு ஸ்டிக் வெச்ச சோனி பேட் வர்றதுக்கு 1997 ஆயிடுச்சு.

டி-பேட்ல வண்டிய திருப்பறதுன்னா ஒன்னு முழுசா லெஃப்ட், இல்ல முழுசா ரைட், இல்ல நேரா, அவ்ளோதான். பெரிய வளைவுல டொக்கு டொக்குனு தட்டிட்டே போகணும். நெக்கான்ல முறுக்கு 0லேர்ந்து 255 வரைக்கும் போகும், 128 பக்கத்துல நடு. மணிக்கட்ட லேசா அசைச்சாலே வண்டி ஒரு இழை சாயும், அப்படியே புடிச்சுக்கிட்டா வளைவு முழுக்க அந்த கோட்டுலயே போகும். கட்டைவிரல் ஸ்டிக்ல இது வராது, ஏன்னா ஸ்டிக் போற தூரம் ரொம்ப கம்மி, இங்க ரெண்டு கையும் சேர்ந்து வேலை பண்ணுது. ஸ்டியரிங் வீல் மாதிரி டேபிள்ல மாட்டற தொல்லையும் இல்ல, சோபால சாஞ்சுக்கிட்டே ஓட்டலாம். வைப்அவுட் ரேஸ் கேம்ல இத புடிச்சு ஓட்டினவங்க திரும்ப டி-பேடுக்கு போகவே மாட்டாங்க, நான் போகல.

இன்னொரு விஷயம் பட்டன். ரோமன் எழுத்துல ஒன்னு, ரெண்டுன்னு போட்ட ரெண்டு பட்டனும், மேல இருக்கற எல் பட்டனும் அனலாக், அதாவது எவ்ளோ அமுக்கறோமோ அவ்ளோதான் வேலை செய்யும், ஆழமா உள்ள போகும். கிரான் டூரிஸ்மோ கார் கேம்ல பாதி அமுக்கினா பாதி ஆக்சிலரேட்டர்தான், பவர் ஜாஸ்தியான பின்சக்கர வண்டிய வளைவுலேர்ந்து வெளிய எடுக்கறப்ப சுத்தாம வரும். அந்த சுகத்துக்கு விலையும் உண்டு, ரேஸ் முழுக்க கட்டைவிரல அழுத்தியே வெச்சிருக்கணும், பெரிய ரேஸ் ஓட்டினா அடுத்த நாள் காலைல டம்ளர் புடிக்கறப்ப தெரியும்.

குறைன்னு பாத்தா நிறைய இருக்கு. செலக்ட் பட்டன் இல்ல, எல்2 ஆர்2 இல்ல, சில கேம் இத ஒரு கன்ட்ரோலராவே மதிக்காது. சண்ட கேமுக்கெல்லாம் கொண்டு வராதீங்க. வயசான பீஸ்ல முறுக்கு நடுவுக்கு சரியா திரும்பாது, நேர் ரோட்லயே வண்டி மெல்ல ஒரு பக்கம் இழுக்கும். என்னோடதுலயும் அது வந்துச்சு, ஸ்க்ரூ கழட்டி முறுக்க அளக்கற பொட்டென்ஷியோமீட்டர்ல கான்டாக்ட் கிளீனர் அடிச்சு நாலஞ்சு தடவ முறுக்கி விட்டதும் அடங்கிடுச்சு. தெறக்கறப்ப மட்டும் பொறுமை வேணும், வயரெல்லாம் அந்த முறுக்கற இடத்த தாண்டித்தான் போகுது, வெடுக்குனு இழுத்தா போச்சு.

அதே நாம்கோவோட ஜாக்கான், கன்கான் ரெண்டும் வெச்சிருக்கேன். ஜாக்கான்ல நடுவுல ஒரு சக்கரம், உள்ள மோட்டார் வெச்சு எதிர்த்து தள்ளும், ரிட்ஜ் ரேசர் டைப் 4க்காக வந்தது. ஐடியா பிரமாதம், ஆனா அந்த கேம விட்டா அதுக்கு பெருசா வேலை இல்ல. கன்கான் துப்பாக்கி பழைய டியூப் டிவில அட்டகாசம், எல்சிடில செத்த பாம்பு, டிவி போனா அதுவும் போச்சு. நெக்கானுக்கு அந்த பிரச்சனை இல்ல, எந்த டிவியா இருந்தாலும் வேலை செய்யும், ரேஸ் கேம் நிறைய இத சப்போர்ட் பண்ணுது, அதனாலதான் மத்ததெல்லாம் அலமாரில இருக்கு, இது மட்டும் கன்சோல்லயே சொருகியே கெடக்கு.

வாங்கறதா இருந்தா விக்கறவர்கிட்ட கேம் ஓடறப்ப முறுக்கற வீடியோ கேளுங்க, வெளிய பளபளன்னு இருக்கற போட்டோவ நம்பாதீங்க. காசு போடறதுக்கு முன்னாடி ருசி பாக்கணும்னா டக்ஸ்டேஷன் எமுலேட்டர்ல (பிளேஸ்டேஷன் 1 கேம கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) நெக்கான்னு ஒரு கன்ட்ரோலர் வகையே இருக்கு, உங்க பேட்ல இருக்கற ஸ்டிக்க முறுக்கா மாத்தி வைப்அவுட் ஓட்டி பாருங்க. கையில முறுக்கற சுகம் கெடைக்காது, ஆனா டி-பேடுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு முதல் வளைவுலயே தெரிஞ்சிடும்.