300 கிலோ பிளாட்ஃபார்ம் தராசு: தராசில் குறையில்லை, கேலிப்ரேஷன்தான் சொதப்பல்

கிடங்கில் மூட்டை நிறுக்க வாங்கிய தராசு இது, எண் 100 கிராம் 100 கிராமாக மாறும். ஆன் செய்து கொஞ்ச நேரம் விட்டால் எண் அலையாமல் நிற்கிறது, சுமையை இறக்கியதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அந்த வகையில் திருப்தி.

கோபமெல்லாம் கேலிப்ரேஷனுக்கு, அதாவது தராசு சரியாகக் காட்டுகிறதா என்று எடைக்கல் வைத்துச் சோதிக்க, வந்தவர்மேல்தான். தட்டின் நடுவில் எடைக்கல் வைத்தார், எண் சரியாக வந்தது, உடனே ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நாலு மூலையிலும் லோட் செல் (எடையை உணரும் கருவி) இருக்கிற தராசுக்கு நடுவில் மட்டும் வைத்தால் என்னத்தைக் கண்டுபிடிப்பது? கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, அதாவது 100 கிலோவை, ஒவ்வொரு மூலையிலும் வைக்கச் சொன்னேன். சுவரோரத்து மூலையில் 300 கிராம் குறைவு! ஓஐஎம்எல் ஆர்76 என்ற சர்வதேசத் தராசு விதிப்படி மூன்றாம் துல்லிய வகுப்பைச் சேர்ந்த இந்த மாதிரித் தராசுக்கு இந்த எடையில் முதல் சரிபார்ப்பின்போது 100 கிராம் வரைதான் கூடக் குறைய இருக்கலாம், பயன்பாட்டில் இருப்பதற்கு 200. குனிந்து பார்த்தால் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சணல் கயிறும் மண்ணும் இறுகிக் கிடந்து, சுமையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தன. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது, ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

அப்புறம் அந்தச் சான்றிதழ். கடைசியாக வந்த நல்ல எண்கள் மட்டும்தான் அதில் இருந்தன. முதலில் எவ்வளவு தப்பாகக் காட்டியது என்று தெரிந்தால்தானே அதுவரை அனுப்பிய சரக்கைப் பற்றி யோசிக்க முடியும்? அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது அளந்த எண்ணே எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வரியே காணோம். இரண்டையும் சேர்த்துத் திருத்திக் கொடுத்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.