அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட்ட கிளினிக்
அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாய விரிச்சு வைக்கிற சின்ன வலைக்குழல்) வச்சு ரெண்டு வருஷமாச்சு, மாத்திரை ஒழுங்கா போடுவாரு, ஆனா காய்ச்சல் சளின்னா கஷாயத்தோட விட்டுடுவோம். எங்க தெருமுனை கிளினிக் டாக்டரம்மாதான் பொறுமையா உக்கார வச்சு சொன்னாங்க, ஃப்ளூ வந்தா ரத்தக்குழாய்ல இருக்குற கொழுப்பு படிவு வெடிச்சு ரத்தம் உறையலாம், அடைப்பு இருக்கவங்களுக்கு அதான் ஆபத்துன்னு. கனடாவுல 2018ல வந்த ஆய்வுல ஃப்ளூ உறுதியான முதல் 7 நாள்ல மாரடைப்பு வாய்ப்பு கிட்டத்தட்ட 6 மடங்குன்னு இருக்கு, படிச்சதும் வயித்த கலக்கிருச்சு.

எக்ஸ்பைரி டேட் காட்டிட்டுதான் ஊசி போட்டாங்க, கை ஒரு நாள் வலிச்சுது அவ்ளோதான். டோக்கன் சிஸ்டம் மட்டும் சுத்தமா சரியில்ல, வயசானவங்கள முக்கால் மணி நேரம் இருமுறவங்க நடுவுல உக்கார வைக்கிறது ரொம்ப தப்பு, தனி நேரம் ஒதுக்கணும். வருஷா வருஷம் போடணும், அடுத்த தடவ அம்மாவையும் கூட்டிட்டு போறேன்.