நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் பாதையைச் சீவும் இழுவை கிரேடர்

போன மாதம், இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நடால் மாகாணத்தில் ஸ்டேங்கர் பக்கத்துத் தம்பி ஒருவர் போன் செய்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையை மூடுகிறார்கள், சாமான்களை ஏலம் விடுகிறார்கள், அதில் டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்து மண் பாதையைச் சீவிச் சமன்படுத்தும் பழைய கிரேடர் ஒன்று இருக்கிறதாம். “அண்ணா, அதை எடுக்கலாமா, இல்ல வெறும் பழைய இரும்பா?” என்று கேட்டார். அரை மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிகூட முடியவில்லை. மீதியை எழுதிவிடுகிறேன், அவரைப் போல யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

எங்கள் கரும்புத் தோட்டம் டோங்காட் ஊரிலிருந்து மேற்கே மேட்டுப் பக்கம். தோட்டத்துக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் மண் பாதை. 1981-ல் அப்பா ஒரு பண்ணை ஏலத்தில் இந்த மாதிரி கிரேடர் ஒன்றை எடுத்தார். எனக்கு அப்போது பதினாலு வயது. அதன் பெயர்த் தகடு அன்றைக்கே தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற இந்தியர்களின் சின்னத் தோட்டங்கள் இருக்கிற பக்கம் பாதையைச் சீவிக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். மழையில் பாதை கெட்டால் வெட்டிய கரும்பு வரப்பிலேயே கிடக்கும். ஆலையில் எடையை மட்டும் பார்த்துக் காசு தருவதில்லை, கரும்பில் இருக்கும் சர்க்கரையைப் பார்த்துத்தான் விலை. நாள் தள்ளத் தள்ள அது குறைந்துகொண்டே போகும். அதனால் அப்பாவுக்குப் பாதை என்பது வருமானம்.

இயந்திரம் பார்க்க எளிமையானது. நான்கு சக்கரம், நீளமான இரும்புச் சட்டம், சட்டத்தின் நடுவே 8 அடி பிளேடு, பின்னால் ஆள் நிற்க ஒரு மேடை. மேடையில் இரண்டு பெரிய கைச்சக்கரம். ஒன்று பிளேடின் இடது முனையை ஏற்றி இறக்கும், மற்றது வலது முனையை. எஞ்சின் கிடையாது, ஹைட்ராலிக் கிடையாது. எல்லாம் பற்சக்கரமும் கையும்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சக்கரங்கள் சாய்வது. பிளேடை நேர்க்குறுக்காக வைத்தால் மண் முன்னால் குவிந்துகொண்டே போகும். அதனால் ஒரு பக்கமாகத் திருப்பி வைப்போம், மண் பிளேடு வழியாக உருண்டு ஓரத்தில் வரிசையாக விழும். ஆனால் அப்படித் திருப்பிய பிளேடை மண் பக்கவாட்டில் தள்ளும், வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக நழுவும். அமெரிக்காவில் ஜே. டி. ஆடம்ஸ் என்பவர் 1885-ல் இதற்கு வழி கண்டார். மண் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிராகச் சக்கரங்களையே சாய்த்துவிட்டார். வடம் பிடிக்கும்போது உடம்பைச் சாய்த்துக் காலை ஊன்றுகிறோமே, அதேதான். இன்றைக்கு ஓடுகிற பெரிய மோட்டார் கிரேடர்களின் முன்சக்கரம் சாய்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

ஆடம்ஸ் காலத்தில் இழுத்தது குதிரை. மினியாபோலிஸ் நகரத்து ரஸ்ஸல் கம்பெனி 1919 வாக்கில் கிரேடரையும் டிராக்டரையும் ஒரே வண்டியாக்கியது. 1928-ல் அந்தக் கம்பெனியைக் கேட்டர்பில்லர் வாங்கியது, 1931-ல் ஆட்டோ பேட்ரோல் என்ற மோட்டார் கிரேடரை வெளியிட்டது. ஓட்டுகிறவரே பிளேடையும் பார்த்துக்கொள்ளும் காலம் அப்படித்தான் வந்தது. எங்களுடையது அதற்கு முந்தைய தலைமுறை. முன்னால் ஒருவர் டிராக்டர் ஓட்ட வேண்டும், பின்னால் ஒருவர் நிற்க வேண்டும்.

“இரண்டு ஆள் எதுக்கு, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன பிளேடு போதாதா?” என்று எல்லோரும் கேட்பார்கள். 1996-ல் நானும் அப்படி நினைத்து ஒன்று வாங்கினேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கிரேடரின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. டிராக்டரின் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால், பின்னால் தொங்கும் பிளேடு மண்ணுக்குள் இறங்கும். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பிளேடு மேலே தூக்கும். பாதையில் இருக்கிற அலையை அழிக்காமல் இன்னும் பெரிதாக்கிவிடும். இரண்டு மாதத்தில் எங்கள் பாதை பக்கியில் (சின்ன பிக்கப் வண்டியில்) போனால் பல் ஆடுகிற அளவுக்கு ஆனது. இழுவை கிரேடரில் பிளேடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. முன்சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறினால் நடுவில் பிளேடு ஏறுவது 5 சென்டிமீட்டர்தான். அடுத்த நடையில் அதிலும் பாதி. சட்டம் நீளமாக இருப்பதே அதன் மூளை. சின்ன பிளேடு இப்போது மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்கிறது, அந்த வேலைக்கு அது நல்ல சாமான்.

இனி முக்கியமான விஷயம். சமன்படுத்துவது என்றால் தட்டையாக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1987-ல் அப்பா ஊரில் இல்லாதபோது, மேல் தோட்டத்துப் பாதையை ஒரு நாள் முழுக்கச் சீவிக் கேரம் பலகை மாதிரி ஆக்கி வைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. அப்பா வந்து பார்த்தார், ஓரத்தில் உட்கார்ந்து பாதை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். “ரொம்ப அழகா இருக்கு தம்பி. தண்ணி எந்தப் பக்கம் போகும், சொல்லு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வாரமே மழை வந்தது. தண்ணீர் எந்தப் பக்கமும் போக முடியாமல் பாதையின் நடுவிலேயே கீழ்நோக்கி ஓடி, முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்துவிட்டது. அதை மூட எனக்கு ஒன்பது நாள் ஆனது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, தினமும் காலையில் என்னோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து எங்கள் கணக்கு இதுதான்: நடு உயரம், இரண்டு ஓரமும் தாழ்வு. ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சரிவு. 4 மீட்டர் அகலப் பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 8 சென்டிமீட்டர் உயரம். நீளமான பலகையும் ரசமட்டமும் வைத்து அளப்போம், கண்ணை நம்புவதில்லை. முதல் நடையில் ஒரு ஓரத்திலிருந்து மண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அடுத்த நடையில் மறு ஓரத்திலிருந்து. அப்புறம் நடுவில் கிடக்கும் மண்ணைப் பரப்ப வேண்டும். பாதையில் சலவைப் பலகை மாதிரி வரிவரியாக விழுந்திருந்தால், மேட்டை மட்டும் சீவிப் பள்ளத்தை நிரப்பினால் போதாது, ஒரே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும். வரியின் அடிமட்டம் வரை வெட்டி எடுத்துத்தான் போட வேண்டும். சரிவு அதிகமான இடத்தில் ஓர வாய்க்கால் தண்ணீரை அங்கங்கே பக்கவாட்டில் புல்தரைக்குத் திருப்பிவிட வேண்டும், நீண்ட தூரம் ஓடவிட்டால் அதுவே ஆறாகிவிடும்.

நேரமும் முக்கியம். மழை விட்டு இரண்டு நாள் கழித்து மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரல் பட்டால் உடைய வேண்டும். அன்றைக்குச் சீவினால் மண் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு சீவினால் எல்லாம் தூசியாகக் காற்றோடு போகும்.

பின்மேடையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர் ஒரு சூலுப் பெரியவர். எல்லோரும் அவரைப் பாபா என்றுதான் கூப்பிடுவோம். பிளேடின் சத்தத்தை வைத்தே அடியில் என்ன மண் என்று சொல்லிவிடுவார். கல் வருவதற்கு முன்பே மேடையின் அதிர்வு காலில் தெரியும் என்பார், சொல்லும்போதே கை சக்கரத்தைத் திருப்பியிருக்கும். நான் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. அவர் ஓய்வு பெற்ற பிறகு பின்மேடையில் நான் நிற்கிறேன், என் மகள் டிராக்டர் ஓட்டுகிறாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் போகாது, திருப்பப் பெரிய இடம் வேண்டும். மேடையில் நிற்பவருக்கு நிழல் இல்லை, தூசி முழுக்க அவர் மேல்தான். சக்கரங்களில் பேரிங் இல்லை, வெறும் புஷ் என்கிற உலோக வளையம்தான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கிரீஸ் அடிக்காவிட்டால் கத்த ஆரம்பிக்கும். கைச்சக்கரத்தின் பற்கள் தேய்ந்துவிட்டால் பிளேடு வைத்த இடத்தில் நிற்காது, தானாக இறங்கும். எங்களுக்கு 2004-ல் அப்படி ஆகி, லேத் பட்டறையில் புதுப் பற்சக்கரம் வெட்டி வாங்கினோம். இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டைத் தாண்ட முடியாது, அதற்காகவே பழைய லாரி டயர்களைப் போட்டோம். ஒரு தடவை விரிசல் விட்ட சட்டத்தை ஒரு பட்டறையில் கொடுத்தோம். சட்டத்தைத் தாங்கல் கொடுத்து நேராக நிறுத்தாமல் வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் முறுகிப்போய், அதற்குப் பிறகு இடது முனை எப்போதும் ஒரு விரல்கடை ஆழமாக வெட்டியது. திரும்ப அறுத்து ஒட்ட வேண்டியதாயிற்று.

கிரேடரோடு அப்பா எடுத்த இன்னொரு சாமான் டாம் ஸ்க்ரேப்பர், அணை தோண்ட மண்ணை வாரி இழுப்பது. ஆஃப்ரிகான்ஸ் பேசும் விவசாயிகள் டாம்ஸ்க்ரோப் என்பார்கள். பெரிய இரும்பு முறம் மாதிரி இருக்கும், பின்னால் நீளமான கைப்பிடி. இதன் மூதாதையரில் பேர் பெற்றது கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883-ல் காப்புரிமை பெற்றது. அதற்கு முந்தையவை மண்ணை ஒரே குவியலாகக் கொட்டின, அவருடையது வேண்டிய கனத்துக்குப் பரப்பிக்கொண்டே போனது. கைப்பிடியைத் தூக்கினால் முனை மண்ணைக் கடிக்கும், அழுத்தினால் மண்ணைச் சுமந்து வழுக்கிக்கொண்டு வரும். எங்கள் சின்ன அணையை 1983-ல் இதை வைத்துத்தான் தோண்டினோம். ஆனால் எச்சரிக்கை: முனை ஒரு கல்லில் மாட்டினால் கைப்பிடி சுண்டிவிட்ட மாதிரி மேலே எழும்பும். என் சித்தப்பாவின் தாடையை அது உடைத்திருக்கிறது. கைப்பிடிக்கு நேர் மேலே குனியவே கூடாது, பக்கத்தில் நின்றுதான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது சாமானை எங்கள் வீட்டில் பரம்பு என்போம். இரண்டு பழைய தண்டவாளத் துண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலியில் கோத்து, கொஞ்சம் கோணலாக இழுப்போம். நெல் வயலில் அடிக்கும் பரம்புப் பலகையின் பெயரை இதற்கு வைத்தது என் ஆயா, அதாவது பாட்டி. அவர் நெல் வயலைப் பார்த்ததே இல்லை, அவருடைய ஆயா சொல்லிக் கேட்ட வார்த்தை. மிசூரியில் டி. வார்டு கிங் என்ற விவசாயி இதே மாதிரி, ஒரு மரத்தை இரண்டாகப் பிளந்து இழுத்துத் தன் மண் பாதையை நன்றாக வைத்திருந்தார். அவர் எழுதிய கையேட்டை 1908-ல் அமெரிக்க விவசாயத் துறையே வெளியிட்டது. செலவே இல்லாத சாமான். கிரேடர் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும், ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் பரம்பு ஒரு நடை போனால் பாதை கெட்டியாக இறுகும். ஜூலை, ஆகஸ்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முந்தின நாள் கோயில் வரை பரம்பு இழுத்துவிடுவோம். கரகம் எடுத்து வெறுங்காலில் வருபவர்களுக்கு ஒரு கல்லும் இருக்கக் கூடாது என்று ஆயா சொல்லி வைத்த வழக்கம். எந்த வேலையை விட்டாலும் இதை மட்டும் நான் விட்டதில்லை.

2022 ஏப்ரல் வெள்ளம் வந்தபோது குவாசூலு நடாலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் முதலில் பாதையைப் பார்க்கப் போனேன். ஓடையைத் தாண்டும் குழாய்ப் பாலம் முழுக்கப் போய்விட்டது. கீழே இருந்த வளைவில் 30 மீட்டர் சரிந்துவிட்டது. அங்கே மேட்டிலிருந்து வந்த தண்ணீரைத் திருப்ப வாய்க்கால் போதவில்லை, அது என் தவறு. மீதிப் பாதை நின்றது. மேல் மண் கொஞ்சம் அரித்திருந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் கிரேடரைக் கட்டினோம். டோங்காட் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து ஊருக்குக் குழாயில் தண்ணீர் வர மாதக்கணக்கில் ஆனதே, அந்த நாட்களில் மேல் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தண்ணீர் டேங்கை எங்கள் பாதை வழியாகத்தான் இழுத்துப் போனோம். அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் ஓரத்தில் உட்கார்ந்து மட்டம் பார்த்திருப்பார்.

சரி, தம்பிக்கு. ஏலத்தில் பெயிண்டைப் பார்க்காதீர்கள். சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள், வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். கைச்சக்கரத்தைத் திருப்புங்கள், பிளேடு அசைவதற்கு முன் கால் சுற்றுக்கு மேல் வெறுமனே சுற்றினால் பல் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிளேடின் வெட்டு முனை தனித் தகடா, போல்ட் கழற்றித் திருப்பிப் போட முடிகிறதா என்று பாருங்கள். சக்கரம் சாயும் கம்பி இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் ஊற்றி இரண்டு நாள் விட்டால் வரும். உங்களிடம் 50 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது, அது போதும். பின்மேடையில் நிற்க நம்பிக்கையான ஒருவர் இருக்கிறாரா என்று மட்டும் வீட்டில் பேசிவிடுங்கள். ஏலத்தன்று நானும் வருகிறேன். நூலும் ரசமட்டமும் என்னிடம் இருக்கிறது, கிரீஸ் கன் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.