குன்னூர்ப் பனிக்கு எது தாங்கும்: தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா, விலை கூடிய க்ரீமா?

திருப்பூரிலிருந்து கல்யாணமாகிக் குன்னூர் வந்த முதல் ஜனவரியிலேயே என் கன்னம் இரண்டும் செதில் செதிலாக உரிந்துவிட்டது. பூசியது அதே தேங்காய் எண்ணெய், போட்டது அதே சோப்பு. ஊர் மட்டும்தான் மாறியிருந்தது. அதன் பிறகு மாதம் முந்நூறு ரூபாய்க்குள் எது உதவும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

சோப்பா, ஃபேஸ்வாஷா என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சாதாரண சோப்பின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 9, 10 என்று காரமாக இருக்கும். தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். "குளிருக்கு நல்லா சுடுதண்ணில கழுவு கண்ணு" என்பார் அத்தை. அன்பாகத்தான் சொல்வார், ஆனால் சோப்போடு கொதிநீரும் சேர்ந்தால் தோலில் இருக்கும் கொஞ்ச எண்ணெயும் போய்விடும். காலையில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், ராத்திரி மட்டும் மலிவான மென்மையான ஃபேஸ்வாஷ் போதும். பாசிப்பயறு மாவு என்றால் நைசாகச் சலித்தது. கரகரப்பாக இருந்தால் வெடித்த தோலைக் கீறிவிடும்.

அடுத்து ஈரப்பதம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே பாட்டிலைச் சுடுதண்ணீரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கை காலுக்கு அருமை. முகப்பரு வருகிறவர்களுக்கு முகத்தில் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். கிளிசரின் தண்ணீரை இழுத்துத் தோலில் நிறுத்தும் பொருள். அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். ஈர முகத்தில் தண்ணீர் கலந்து பூச வேண்டும். வாஸ்லின் ஈரம் எதையும் தராது, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். அதனால் காய்ந்த முகத்தில் தேய்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று சொல்வதில் பயனில்லை. ராத்திரி முகம் கழுவி, ஈரம் காயும் முன் கிளிசரின், அதன்மேல் பயறளவு வாஸ்லின். உதட்டுக்கும் குதிகாலுக்கும் இதேதான். விலை கூடிய க்ரீம்களின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் கிளிசரினும், 'பெட்ரோலேட்டம்' என்ற பெயரில் வாஸ்லினும்தான் முன்னால் நிற்கும். க்ரீமில் பிசுக்கு குறைவு, மணம் உண்டு. அந்தச் சௌகரியத்துக்குத்தான் கூடுதல் விலை.

நான் உண்மையில் காசு போடச் சொல்வது சன்ஸ்க்ரீனுக்கு. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர்; அப்படியென்றால் கடற்கரை ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். குளிர்கிறதே என்று காலையில் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறோம், சூடு தெரியாததால் நேரமும் தெரிவதில்லை. மங்கு உள்ள முகம் இதில்தான் இன்னும் கறுக்கிறது. மேகம் மூடிய நாளிலும் கதிர் வரும்.

சன்ஸ்க்ரீன் ட்யூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்தான் எஸ்.பி.எஃப். அது 30 என்றால், சரியாகப் பூசினால் தோலைச் சுடும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க மாட்டேன். தோலைக் கறுக்கவைக்கும் கதிருக்கான குறியான பி.ஏ.வுக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறி (PA+++) இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அளவு முக்கியம்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். அப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப், ஒரு நாளைக்கு ஒருமுறை என்றாலும், ஒன்றரை மாதத்தைத் தாண்டாது. வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேறு.

இங்கேதான் துணி ஜெயிக்கிறது. கொழுந்து பறிக்கப் போகிற அக்காமார் தலையில் முக்காடு போட்டு நெற்றி வரை இறக்கிவிடுவது வீணான பழக்கமில்லை. நாள் முழுக்க வெளியில் வேலை என்றால் அகல விளிம்புத் தொப்பியோ கெட்டித் துணியோ முதலில். திறந்திருக்கும் கன்னத்துக்கும் மூக்குக்கும் மட்டும் சன்ஸ்க்ரீன். ட்யூப் இரண்டு மடங்கு நாள் வரும்.

எலுமிச்சைச் சாறு, நீலகிரித் தைலம் இரண்டையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். அதைவிடப் பயம், மங்குக்கு என்று சீட்டில்லாமல் கைமாறும் ஸ்டீராய்டு க்ரீம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ட்யூபில் இருக்கும். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் அந்த ட்யூபையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.