கறள் பிடித்த பற்றரிச் சுருள்: சாண்ட்பேப்பரா, வினாகிரியா?

புதுப் பற்றரி நாலையும் போட்ட பிறகும் 'பற்றரி குறைவு' என்று காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை. மாமா கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்த டிஆர்எஸ்-80 மொடல் 100 என்ற பழைய மடிக்கணினி அது. 1983-இல் வெளிவந்தது. கியோசெரா செய்ய, டேண்டி நிறுவனம் ரேடியோ ஷாக் கடைகளில் விற்றது. எட்டு வரித் திரை, நாலு ஏஏ பற்றரி, அதில் ஏறத்தாழ 20 மணிநேரம் ஓடும். யாரோ பற்றரியை எடுக்காமலே வருஷக்கணக்கில் மூடி வைத்திருந்திருக்கிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் சுருள் கம்பிகளில் வெள்ளைப் பொருக்கு, கற்கண்டு உடைந்தது போல. வாயால் ஊதிவிடாதீர்கள், அது கண்ணில் பட்டால் எரிக்கும்.

என் முன்னால் இருந்தது இரண்டு வழி: சுரண்டுவது அல்லது கரைப்பது. முதலில் நான் எடுத்தது சாண்ட்பேப்பரைத்தான். மிக மோசமாக இருந்த இரண்டு சுருள்களைத் தேய்த்தேன், பத்தே நிமிஷத்தில் பளபளவென்று வந்துவிட்டது. விளக்கும் அணைந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, மிச்ச இரண்டையும் தேய்க்க இன்னும் கொஞ்சம் பேப்பர் தேடும்போதுதான், திருகோணமலைக் கொட்பேயில் படகு எஞ்சின் வயரிங் பார்க்கிற அண்ணை ஒருவர் வீட்டுக்கு வந்தார். பார்த்தவுடனே, "தம்பி, மேல்பூச்சச் சுரண்டிப்போட்டு இந்த உப்புக்காத்துல வச்சா எத்தின நாளைக்கு நிக்கும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயமே. இந்தச் சுருள்கள் பெரும்பாலும் இரும்புக் கம்பி, மேலே மெல்லிய நிக்கல் பூச்சு. சாண்ட்பேப்பருக்குப் பொருக்கு எது, நிக்கல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடும். அன்றைக்குப் பளபளத்தது நிக்கல் இல்லை, வெறும் இரும்பு. குளிர் நாட்டில், உலர்ந்த அறையில் இருக்கிறவர்களுக்கு அது பரவாயில்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து டச்சுக்குடாக் கடற்கரை நடை தூரம். பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒருதரம் கறள் கட்டுகிற இடத்தில், பூச்சுப் போன சுருள் எப்படித் தாங்கும்?

மிச்ச இரண்டையும் வினாகிரியில் செய்தேன். அல்கலைன் பற்றரியில் இருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், அதாவது காரம். வெளியே வந்ததும் காற்றிலுள்ள காபனீரொக்சைட்டை எடுத்துக்கொண்டு பொட்டாசியம் காபனேற்று ஆகிவிடும், நாம் பார்க்கிற வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் அதுதான். வினாகிரி அமிலம் என்பதால் பட்டவுடன் நுரைக்கும். காது குடைகிற பஞ்சுக்குச்சியை வினாகிரியில் நனைத்துப் பிழிந்துவிட்டுச் சுருளின் வளைவுக்குள் விட்டுத் திருப்பினேன். சிறு சத்தத்தோடு நுரை வந்தது, குச்சி சாம்பல் நிறமாகியது, அடுத்த குச்சி. நுரைப்பது நின்றால் அமிலத்துக்கு அங்கே வேலை இல்லை, உடனே நிறுத்த வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த குச்சி, அப்புறம் பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட், அதற்குப் பிறகு நிழலில் ஒரு நாள் காயவிடுதல். கழுவுகிற வேலையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மிஞ்சின வினாகிரியும் உலோகத்தை அரிக்கும். கணினியை, பற்றரிப் பெட்டி கீழே பார்க்கிறபடி சரித்துப் பிடித்துச் செய்தால் சொட்டு உள்ளே போகாது.

தேசிக்காய்ப் புளியும் நுரைக்கும். ஆனால் சாறும் சதையும் பிசுக்காக ஒட்டும், இரண்டு மடங்கு கழுவ வேண்டும். வினாகிரி இருக்கும்போது அது தேவையில்லை.

இது புரட்டாதியில் நடந்தது. வாடைக்காற்று மழை முழுக்கக் கணினி அலுமாரியில் கிடந்தது. தை மாதம் எடுத்துப் பார்த்தேன். சுரண்டிய இரண்டிலும் செங்கபிலக் கறள், விரலை வைத்தால் ஒட்டியது. வினாகிரி போட்டவை மங்கலாகத்தான் இருந்தன, ஆனால் கறள் இல்லை. கணினியை ஓடவிட்டு, பற்றரி முனைக்கும் சுருளின் அடிக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்து, அங்கே எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று பார்த்தேன். வினாகிரிச் சுருளில் கிட்டத்தட்டப் பூச்சியம், சுரண்டியதில் எண் நிற்காமல் ஏறி இறங்கியது. சிவப்பு விளக்கும் திரும்பி வந்திருந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சுரண்டியவை முதலிலேயே மோசமாக இருந்தவை, அவற்றில் பூச்சு ஏற்கெனவே பாதி போயிருக்கக்கூடும். ஆகவே இதைச் சமமான போட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் மனம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

சாண்ட்பேப்பருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. செங்கறள் ஏற்கெனவே ஏறிவிட்டால் காக்க நிக்கல் இல்லை, அப்போது மெல்லிய தாளால் தேய்த்து, உடனே மிக மெல்லிசாக வாஸ்லின் பூசி வைக்கலாம். பற்றரி அழுத்துகிற இடத்தில் அது விலகிவிடும், மற்ற இடத்தில் ஈரக்காற்றை மறிக்கும். இரும்புப் பஞ்சு மட்டும் வேண்டாம், உடைந்த இழை உள்ளே விழுந்தால் ஷோர்ட் ஆகும்.

கசிந்தது பழைய சிங்க்-காபன் பற்றரி என்றால் கதை மாறும். அந்தக் கசிவே அமிலத் தன்மை உள்ளது, வினாகிரி உதவாது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும். சுருளையே மாற்றுவது மூன்றாவது வழி. சுரண்டிய இரண்டையும் போன வாரம் ஃபோன் திருத்துகிற தம்பி ஒருவரைக் கொண்டு மாற்றி ஈயம் வைத்தேன். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஒரு மழை கழியாமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

மொடல் 100 வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நினைவகத்தைக் காக்க உள்ளே மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்து ஒட்டிய நிக்கல்-காட்மியம் பற்றரி ஒன்று இருக்கிறது. அதுவும் கசியும், அதுவும் காரம்தான், ஆனால் அது கசிந்தால் சுருளை அல்ல, பலகையின் செப்புக் கோடுகளையே தின்னும். என்னுடையதைத் திறந்தபோது அதன் ஒரு கால் பச்சையாகத் தொடங்கியிருந்தது. அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டேன்.