பிக்கா, லார்ஜா?

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் 'பெரிய' என்றுதான் பொருள். வீடு, பெட்டி, நகரம் என்றால் எதைப் போட்டாலும் சரி. சிக்கல் மற்ற இடங்களில்.

வயது: 'பிக் சிஸ்டர்' என்றால் அக்கா. 'லார்ஜ் சிஸ்டர்' என்றால் உடல் பருத்த சகோதரி. அக்கா மனம் புண்படும்.

முக்கியத்துவம்: 'பிக் மிஸ்டேக்', 'பிக் டிசிஷன்' மட்டுமே. கண்ணால் அளக்க முடியாத தவறுக்கும் முடிவுக்கும் 'லார்ஜ்' ஒட்டாது.

எண்ணிக்கை, அளவு: 'எ லார்ஜ் நம்பர் ஆஃப்', 'எ லார்ஜ் அமௌண்ட் ஆஃப்'. இங்கே 'பிக்' கொச்சையாக ஒலிக்கும். 'லார்ஜ்' லத்தீனில் 'ஏராளம்' என்ற பொருள் தந்த 'லார்கஸ்' வழி வந்தது. அந்த வாசனை இன்னும் போகவில்லை.

நடை: பேச்சில் பிக், அறிக்கையில் லார்ஜ். சட்டை அளவு போன்றவற்றுக்குப் பேச்சிலும் லார்ஜ்தான்.

தொடர்கள்: 'அட் லார்ஜ்' என்றால் பிடிபடாமல் திரிவது, 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பெரும்பாலும். இவற்றில் 'பிக்' நுழையாது.

நாம் அதிகம் தவறுவது 'பெரிய மழை'யில். அதற்கு இரண்டுமே ஆகாது, 'ஹெவி ரெயின்'. போக்குவரத்து நெரிசலுக்கும் 'ஹெவி'தான்.

நண்பரிடம் பேச, உறவைச் சொல்ல, தவற்றின் கனத்தைக் காட்ட 'பிக்'. விண்ணப்பத்தில் தொகையோ எண்ணிக்கையோ எழுத 'லார்ஜ்'.