ஜிம்னிக்கு 2 இஞ்ச் லிஃப்ட் கிட்: வயிறு தப்பித்தது, ஸ்டியரிங் கெட்டது

மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "உங்க வண்டியில இருக்கற அதே லிஃப்ட் கிட்டை நானும் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். ஸ்ப்ரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி வண்டியின் உடம்பை உயர்த்தும் தொகுப்புதான் லிஃப்ட் கிட். ஸ்டியரிங் வேலை முடிந்து என் வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்த வாரம் அது. போனில் என் பதில் சூடாகத்தான் வந்தது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்து நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏணி போன்ற அடிச்சட்டமான லேடர் சேஸிஸ், முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் முழு ஆக்ஸில், நாலு பக்கமும் காயில் ஸ்ப்ரிங். ஆனால் இந்த ஐந்து கதவு வண்டியை உயர்த்த நியாயமான காரணம் ஒன்று உண்டு. மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) 2250 மி.மீ., இதில் 2590. தரை இடைவெளி இரண்டிலும் 210 மி.மீ.தான். நீளம் கூடி உயரம் கூடாததால், மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் 28 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறங்கிவிட்டது. வாய்க்கால் கரை, தோட்டத்து வரப்பு, மழை அரித்த எஸ்டேட் பாதை என்று எங்கள் ஆனைமலைப் பக்கம் வண்டி அடி வாங்குவதெல்லாம் நடு வயிற்றில். மூக்குப் பக்கம் 36 பாகை இருக்கிறது, அங்கே குறையே இல்லை. 50 மி.மீ. உயர்த்தினால் நடுக் கோணம் ஏறக்குறைய 4 பாகை கூடும் என்று வீல்பேஸை வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று கதவு வண்டிக்குத் தொழிற்சாலையே கொடுத்தது இதற்கும் கிடைத்துவிடும்.

அந்த வேலையைக் கிட் குறைவில்லாமல் செய்கிறது. முன்பு, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அடித்தகடு கரகரவென்று உரசிய வரப்பில் இப்போது சத்தமே இல்லை.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஷாக் அப்சார்பர்தான். கம்பெனி ஷாக்கில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் முழு ஆக்ஸிலும் சாய்ந்து, உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் ஆடும். கிட்டோடு வந்த ஷாக்கில் வண்டி ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. முதுகுவலியால் இந்த வண்டியில் ஏறவே யோசித்த என் அம்மா இப்போது கேட்காமலே பின் சீட்டில் ஏறிக்கொள்கிறார். இதற்காக அந்த ஷாக்கைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம், அவ்வளவு நல்ல பொருள்.

கிட் செய்யாத ஒன்றையும் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும். அது உயர்த்துவது உடம்பை மட்டும்தான். இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டிஃபரன்ஷியல் ஆக்ஸிலிலேயே உட்கார்ந்திருப்பதால் பழைய உயரத்திலேயே கிடக்கும். மாட்டுவண்டித் தடத்தின் நடுவில் நிற்கும் மண்மேடு இடிப்பது டிஃபரன்ஷியலில். அதற்கு டயர் ஒன்றே வழி. கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. 215/75 போட்டால் டிஃபரன்ஷியல் 5 மி.மீ. உயரும். உயர்த்திய வண்டியில் 235/75 வரை போனாலும் 20 மி.மீ.தான். அதற்கும் விலை உண்டு: 134 நியூட்டன் மீட்டர் இன்ஜின் மலையேறும்போது முக்கும், ஸ்பீடோமீட்டரும் நிஜ வேகத்தைவிடச் சுமார் 6 சதவீதம் குறைத்துக் காட்டும்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

கிட் மாட்டிய பிறகு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவை முடித்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வர வேண்டும். இதில் வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நிற்கிறது, நாம்தான் பிடித்து இழுத்து நேராக்க வேண்டும். மலையிலாவது வேகம் குறைவு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். பெட்டி மாதிரி வண்டி, அதையும் உயர்த்தியாகிவிட்டது. காற்று தள்ளும், நாம் திருத்துவோம், திருத்தியது அப்படியே நிற்கும், மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துவோம். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை இறுகிப்போகும். பக்கத்தில் லாரி வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

காரணம் காஸ்டர். முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகளின் பின்முனை சேஸிஸில் மாட்டியிருக்கிறது. சேஸிஸ் 2 இஞ்ச் மேலே போனால் அந்தப் பின்முனையும் மேலே போகும். கையோடு இறுகிப் பிணைந்த ஆக்ஸில் முன்பக்கம் உருளும். ஸ்டியரிங் திரும்பும் அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பதைத்தான் காஸ்டர் என்கிறோம். ஆக்ஸில் உருண்டால் அந்தச் சாய்வு குறைந்துவிடும். சைக்கிளில் ஹேண்டில்பாரை விட்டுவிட்டும் நேராகப் போக முடிகிறதே, அதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வும் ஒரு காரணம். அதைக் குறைத்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டு என்றால் எப்படி?

இதை நான் வாங்கும்போதே கடையில் கேட்டேன். "சார், ரெண்டு இஞ்சுக்கெல்லாம் காஸ்டர் பார்க்க வேண்டியதில்லை, நாலு இஞ்ச் ஏத்தினாத்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். திரும்பப் போய் முறையிட்டபோது ஸ்டியரிங் டேம்ப்பர் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். டேம்ப்பர் நடுக்கத்தை மறைக்கும், ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவராது. அந்த வேலையைச் செய்யும் புஷ் (அந்தக் கைகள் மாட்டும் துளைக்குள் ஏறும் வளையம்) ஒரு ஷாக்கின் விலைகூட ஆகாது. அதைக் கிட்டுக்குள் வைக்காமல், கேட்டவனிடமும் தேவையில்லை என்று சொல்லி அனுப்புவது வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடுவது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பொள்ளாச்சியில் அலைன்மென்ட் பார்த்த தம்பி ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்: "அண்ணா, டோ பச்சையில இருக்குதுங்க. காஸ்டர்தான் சிவப்புல நிக்குது. இந்த வண்டியில அதைத் திருப்பறதுக்கு நட்டு ஒண்ணும் இல்லீங்க." உண்மைதான். முழு ஆக்ஸில் வண்டியில் அலைன்மென்ட் மிஷினால் டோவை, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, மட்டும்தான் சரிசெய்ய முடியும். காஸ்டருக்கு ஒன்று துளை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ் போட வேண்டும், இல்லை கைகளையே மாற்ற வேண்டும்.

புஷ் போட்டேன். பழைய ரப்பரை பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, பாலியூரித்தேன் புஷ்ஷை அதிலிருக்கும் குறி பார்த்து ஏற்ற வேண்டும். தலைகீழாக ஏற்றினால் காஸ்டர் இன்னும் கெடும், அதனால் பக்கத்தில் நின்றே பார்த்தேன். இப்போது ஸ்டியரிங் நேருக்கு வருகிறது. புதிய வண்டி அளவுக்கு இல்லை, ஆனால் பயமில்லாமல் ஓட்டலாம். பதிலுக்கு ஒன்று போனது. ஆக்ஸிலைப் பின்னால் உருட்டியதில் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, அதற்கு விசையைக் கொண்டுவரும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடிவிட்டது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீலில் ஓடும்போது தெரியாது. நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹையில் வேகம் எடுத்தால் காலடியில் மெல்லிய அதிர்வு வருகிறது. இது என்னோடு இருக்கப்போகிற தொந்தரவு.

ஸ்டியரிங் பற்றி இன்னொன்று. உயர்த்தியதும், ஆக்ஸிலைச் சேஸிஸோடு குறுக்காகப் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராட் அதை ஒரு பக்கமாகச் சில மில்லிமீட்டர் இழுக்கும், ஸ்டியரிங் வீலும் கோணலாக நிற்கும். சில பட்டறைகளில் வீலைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஜிம்னியில் வண்டி வழுக்கினால் தானாகக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பி இருக்கிறது, அதற்கு ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைச் சென்சார் சொல்ல வேண்டும். வீலைக் கழற்றி மாட்டினால் சென்சார் சொல்வது பொய்யாகிவிடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் நீளத்தைத் திருத்தி நேராக்கி, அப்புறம் சென்சாரை ரீசெட் செய்வதுதான் சரியான முறை. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடுகின்றனவா என்று ஜாக்கியில் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்ப்ரிங்கை வண்டியின் சுமைக்குப் பார்த்து எடுக்க வேண்டும். இரும்பு பம்பர், வின்ச், ரூஃப் ரேக் எல்லாம் ஏற்றிய வண்டிக்கான ஸ்ப்ரிங்கை 1200 கிலோ வெறும் வண்டியில் போட்டால் 2 இஞ்ச் என்றது 3 ஆகும், சின்ன மேட்டுக்கும் ஷாக் முழுதாக நீண்டு 'டொக்' என்று அடிக்கும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்ப்ரிங்குக்கு ஸ்பேசர் என்ற கட்டை மட்டும் போடும் மலிவு வழி வேண்டவே வேண்டாம். சக்கரம் கீழே இறங்கும் தூரம் அதில் குறைந்துவிடும், ஆஃப்ரோடுக்கு வேண்டியதே அதுதான்.

நண்பர் மஹிந்திரா தார் வாங்குவதைப் பற்றியும் யோசித்தவர். அதன் முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன், அங்கே உயர்த்தினால் வலி ஆக்ஸில் ஷாஃப்ட்டின் மடங்கும் மூட்டான சிவி ஜாயிண்ட்டில் தெரியும். அது வேறு கதை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இன்சூரன்ஸ் கிளெய்மில் கேள்வி வரலாம் என்பதும் மனதில் இருக்கட்டும்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கிட்டை வாங்க வேண்டாம். ஷாக் பிரமாதம், ஸ்ப்ரிங் நல்லது, வயிறு தட்டுவதில்லை, எல்லாம் உண்மை. என் வண்டியிலிருந்து அதைக் கழற்றவும் மாட்டேன். ஆனாலும் புஷ் இல்லாமல் பெட்டியை விற்றுவிட்டு, கேட்டால் டேம்ப்பர் வாங்கச் சொல்பவர்களிடம் இன்னொருவர் பணம் கொடுக்க நான் காரணமாக இருக்க முடியாது. 215/75 டயர் போட்டு, அடித்தகட்டைக் கெட்டியாக மாற்றிக்கொண்டு இந்த மழைக்காலம் ஓட்டட்டும். அதற்குப் பிறகும் வயிறு தட்டுகிறது என்றால், காஸ்டர் புஷ்ஷைக் கிட்டோடு சேர்த்துத் தரும் கடையாகப் பார்த்து வாங்கட்டும். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அலைன்மென்ட் தாளை அச்செடுத்துக் காஸ்டர் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பட்டறைக்கு நானே கூட வருகிறேன்.